காலி வீட்டுக்குக் காவல்

கோதண்டம் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை. அக்கா மகள் கல்யாணத்திலேயே சாம்பாரில் உப்பு இல்லை என்று பந்தியில் எழுந்து நின்று சொன்னவர். அப்படிப்பட்ட மனிதர் காலையில் போன் போட்டு, "உன் பொட்டி இப்பத்தான்டா சொன்ன பேச்ச கேக்குது, சோக்கா கீது" என்றதும் பகலவன் கையில் இருந்த டீயை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"இன்னா மாமா சொல்ற?"

"முன்னல்லாம் கத்த ஆரமிச்சா நிறுத்தாது. மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் செவப்பாவே மொறச்சிகினு நிக்கும். இப்ப ஒரு தபா தட்டுனா போதும், பச்சைக்கு வந்துருது. இத்த மொதல்லயே பண்ணி குட்த்துருக்கலாம்ல நைனா?"

பகலவன் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, அவர் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கும் ஒரு ஐஸ் கம்பெனியில் கோதண்டம் ஆப்பரேட்டர். பகலவனின் அம்மாவுக்குத் தம்பி. ஐஸ் கம்பெனி என்றால் அம்மோனியா. கம்ப்ரஸர் ரூமில் எங்காவது அது கசிந்தால் முதலில் கண் எரியும், அப்புறம் தொண்டை அடைக்கும், அதற்கு மேல் ஆனால் ஆள் வெளியே வர மாட்டான். அதற்காகத்தான் பெட்டி. கம்ப்ரஸர் ரூம் கதவுக்கு வெளியே சுவரில் மாட்டியிருக்கும். உள்ளே காற்றில் அம்மோனியா அளவு மீறினால் சிவப்பு விளக்கு போட்டுக் கத்தும். கம்ப்ரஸருக்குப் போகிற கரண்ட்டை நிறுத்தும். முதலாளியம்மா ஃப்ளோரா தன் சாவியைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் சிவப்பு போகும்.

பெட்டியைச் செய்வது எர்ணாவூரில் அருள்நாதன் நடத்தும் பட்டறை. அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியவன் பகலவன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தோடு நின்றவன். கன்டெய்னர் யார்டு கேட்டில் ராத்திரி டூட்டி பார்த்துக்கொண்டே சி மொழியைக் கற்றுக்கொண்டவன். சூரியன் பேரை வைத்துக்கொண்டு ராத்திரி டூட்டியா என்று கேலி செய்த மொஹ்சின்தான் இந்த வேலைக்குக் கூட்டிவந்தான். இரண்டு பேரும் ஒரே மேஜையில் வேலை செய்தார்கள். பகலவன் எழுதுவான், மொஹ்சின் சாலிடர் வைத்து, டெஸ்ட் செய்து, போய் மாட்டிவிட்டு வருவான்.

சாவி வைத்ததற்கே காரணம் கோதண்டம் மாதிரி ஆட்கள்தான். காசிமேட்டு ஐஸ் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. எது கத்தினாலும், எது மக்கர் செய்தாலும், மெயினை அணைத்துப் போடுவார்கள். மோட்டார், ஐஸ் பாரைத் தூக்கும் ஹாயிஸ்ட், டி.வி., எல்லாவற்றுக்கும் அதுவே வைத்தியம். முதலில் மாட்டிய பெட்டியைக் கோதண்டம் ஒரே நாளில் ஜெயித்துவிட்டார். கத்தியது, மெயினை அணைத்தார், போட்டார், பச்சை. சாவியைக் கேட்டுப் போனால் ஃப்ளோரா ஏன், எதற்கு என்று நேரில் வந்து நிற்பாள். அதில் அவருக்கு மானப் பிரச்சினை.

அப்போது பகலவன் பெட்டியின் மண்டைக்குள் ஒரு வேலை செய்தான்.

இந்த மாதிரிக் கருவிக்குக் கரண்ட் வந்ததும் நாம் எழுதிய முதல் வரி ஓடுவதில்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன நிரல் வந்து நினைவகத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும். மதிப்பை எழுதி வைக்கும் வேரியபிள்களில், தொடக்க மதிப்பு கொடுக்காதவை எல்லாம் அந்தத் துடைப்பில் பூஜ்யமாகிவிடும். கசிவு நடந்ததா இல்லையா என்பதை ஒரே ஒரு வேரியபிள்தான் வைத்திருந்தது. அது பூஜ்யமானால் கசிவு இல்லை. பச்சை. அதனால் அந்த ஒன்றை மட்டும் பகலவன் வேறு இடத்துக்குக் குடி மாற்றினான். சிப்புக்குள் ஒரு ஓரமாகச் சின்ன இடம் உண்டு. கரண்ட் போனாலும் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று அந்த இடத்துக்கு மட்டும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். துடைக்கிற நிரல் அந்தப் பக்கம் போவதில்லை. வேரியபிளின் தலையில் ஒரு வரி எழுதி, இதைப் பொதுவில் போடாதே, இந்த செக்ஷனில் போடு என்று, எழுதியதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் சொன்னான். கம்பைலர் பேர் எழுதிய சீட்டு ஒட்டி அனுப்பும். எல்லாவற்றையும் கோத்துக் கட்டும் லிங்கர் அந்தச் சீட்டைப் பார்த்து நினைவகத்தில் முகவரி கொடுக்கும்.

அதற்குப் பிறகு கோதண்டம் எத்தனை முறை மெயினை அணைத்தாலும் சிவப்பு நின்றது. அவர் போன் போட்டுப் போட்டுத் திட்டினார். பகலவனின் அம்மாவிடம் போய், உன் பிள்ளை என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான் என்றார். அந்தத் திட்டு வரும்வரை பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். பகலவனுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் தேவைப்படவில்லை.

இன்று வந்தது பாராட்டு.

மேஜையில் அதே மாதிரி ஒரு பெட்டி திறந்து கிடந்தது. சென்ஸாருக்குப் பக்கத்தில் அம்மோனியா நனைத்த பஞ்சைக் காட்டினான். சிவப்பு. சுவர் சுவிட்சை அணைத்தான். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டான். சிவப்பு அப்படியே நின்றது. மறுபடி செய்தான். மறுபடியும் சிவப்பு.

மொஹ்சின் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பார்த்தான். "அதான் நிக்குதே. உங்க மாமு உன்ன கலாய்க்கிறாரு."

"அவருக்குக் கலாய்க்கல்லாம் தெரியாது. திட்டத்தான் தெரியும்."

உட்கார முடியவில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்தான். ஜன்னலுக்கு வெளியே மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. திரும்பி வந்து, லிங்கர் தன் வேலையை முடித்ததும் எழுதி வைக்கும் மேப் ஃபைலைத் திறந்தான். எந்த வேரியபிளுக்கு எந்த முகவரி என்று அதில் இருக்கும். பெட்டி மேஜைமேல் ஒழுங்காக வேலை செய்யும்போது யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

கசிவு வேரியபிள் பேட்டரி இடத்தில் இல்லை. துடைக்கிற இடத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய சிப் கிடைக்காமல் போய், மார்ச்சில் புது சிப்புக்கு மாறியிருந்தார்கள். எந்த செக்ஷனுக்கு எந்த இடம் என்று லிங்கருக்குச் சொல்ல, புது சிப்போடு கம்பெனிக்காரன் கொடுத்த லிங்கர் ஸ்கிரிப்டை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான் பகலவன். அதில் பேட்டரி இடம் என்ற ஒன்றே எழுதப்படவில்லை. வேரியபிளின் தலையில் சீட்டு இருந்தது, சீட்டில் இருந்த முகவரிதான் ஊரிலேயே இல்லை. இப்படி ஒரு இடம் கிடையாது என்று லிங்கர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வீடு தெரியாத பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் கூரியர்காரன் மாதிரி, தோதாகத் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

பேட்டரி மூன்று மாசமாகக் காலி வீட்டுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

"அப்ப இங்க எப்பிடிடா நிக்குது?" என்றான் மொஹ்சின். பரோட்டாவைக் கீழே வைத்துவிட்டிருந்தான்.

பகலவன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, குனிந்து, போர்டை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். ஓரத்தில் கடுகு அளவு ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத போர்டில் அது எரியக் கூடாது. லேப்டாப்பிலிருந்து போர்டுக்குப் போகும் கேபிளைப் பிடித்து இழுத்தான். விளக்கு அணைந்தது.

புரோகிராம் ஏற்றுவதற்காக மாட்டிய கேபிள். பெட்டி என்ன யோசிக்கிறது என்று திரையில் பார்ப்பதற்காக அதைப் பிடுங்காமலே வைத்திருப்பார்கள். அதன் வழியாகவே போர்டுக்குத் தேவையான கரண்ட் போய்க்கொண்டிருந்தது. முகப்பு விளக்கும் சத்தமும் மட்டும் மெயினில் ஓடின; சுவிட்சை அணைத்ததும் அவை போய்விட, பெட்டியே செத்தது போல இருந்தது. இந்த மேஜையில் எந்தப் பெட்டியும் ஒருமுறைகூடச் செத்துப் பிழைக்கவில்லை. சுவிட்சைத் தட்டினார்கள், சிவப்பு நின்றது, பாஸ் என்று மூடி ஸ்க்ரூ போட்டார்கள்.

கேபிள் இல்லாமல் சுவிட்சை அணைத்துப் போட்டான். பச்சை.

மொஹ்சின்தான் டெஸ்ட் செய்தவன். கேபிளைப் பிடுங்காதே என்று அவனிடம் சொன்னவன் பகலவன்.

அருள்நாதன் முன்னறையில் இருந்தார். பகலவன் சொன்னதைக் கேட்டார். புது சிப் போட்ட பெட்டி எட்டு வெளியே போயிருந்தது. எல்லாமே ஐஸ் கம்பெனிகளில். கோதண்டத்தின் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டியதும் அதில் ஒன்று. திங்கட்கிழமை போய் மாற்றிவிடலாம் என்றார். இன்றோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இரண்டு மாசம் கரையில் கிடந்த விசைப்படகுகள் அத்தனையும் இன்று இரவு கடலில் இறங்கும், அத்தனைக்கும் இன்றைக்கே ஐஸ் ஏற வேண்டும். இன்றைக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கிறேன் என்றால் எந்தக் கம்பெனியிலும் உள்ளே விட மாட்டார்கள். பெட்டி சரியில்லை என்று சொன்னால் இன்னும் மோசம், கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் பெட்டியே இல்லாமல் ஓட்டுவார்கள். அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை. அதுதான் பகலவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"எங்க மாமா காலையிலயே மெயின தட்டிருக்காரு சார். தட்டுனாருன்னா கத்திருக்குன்னு அர்த்தம். கத்திருக்குன்னா உள்ள எதுவோ கசியுது."

அருள்நாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

திருத்துவதற்கு நேரம் ஆகவில்லை. லிங்கர் ஸ்கிரிப்டில் பேட்டரி இடத்துக்குப் பேரும் முகவரியும் எழுதினான். இங்கே யாரும் துடைக்கக் கூடாது என்று எழுதினான். இந்த வேரியபிள் இந்த முகவரியில் வந்து விழவில்லையென்றால் புரோகிராமையே கட்டாதே, அங்கேயே நின்று கத்து என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தான். மேப் ஃபைலைத் திறந்து பார்த்தான். கேபிளைப் பிடுங்கிவிட்டு அணைத்துப் போட்டான். சிவப்பு நின்றது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. மறுபடி அணைத்தான். மொஹ்சின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர்கள் அசையவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே கைப்பிடி நுழைகிற இடைவெளியில் மொஹ்சின் வண்டியை விட்டான். பின்னால் உட்கார்ந்து பகலவன் கோதண்டத்துக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தான். அடித்தது, எடுக்கவில்லை. கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்காது. கேட்காமல் இருப்பதற்கு வேறு காரணமும் இருக்க முடியும் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். ஃப்ளோராவின் ஆபீஸ் நம்பர் எப்போதும் பிஸியாகவே இருந்தது. திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்பி நின்றது.

"எறங்கி ஓடிறலாமா?" என்றான் பகலவன்.

"ஓடு. நா வண்டிய தோள்ல வச்சிகினு வரேன்," என்றான் மொஹ்சின். அவனும் சிரிக்கவில்லை.

ஐஸ் கம்பெனி வாசலில் டிரைசைக்கிள்களும் ‘குட்டி யானை’ மினி லாரிகளும் முட்டிக்கொண்டு நின்றன. ஐஸ் பார்களைக் கிரஷரில் தள்ளும் சத்தத்தில் யாரும் யாரையும் கவனிக்கவில்லை. ஆபீஸ் கண்ணாடிக்குள் ஃப்ளோரா இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டிருந்தாள். பகலவன் உள்ளே நடந்தான். உப்புத்தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கம்ப்ரஸர் ரூம் பக்கம் திரும்பியதும் மூக்குக்குள் ஊசி ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் வந்த மொஹ்சின் இரண்டு தும்மல் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

கோதண்டம் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெட்டி அவர் தலைக்கு மேலே பச்சையாக எரிந்தது.

"வாடா. நாஸ்தா துன்றியா?"

பகலவன் எத்தனை முறை தட்டினாய் என்று கேட்டான். காலையிலிருந்து மூன்று தடவை, கடைசியாக இப்போதுதான் என்றார் அவர், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல. பெட்டியைத் தட்டினாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். சென்ஸார் விழித்து நிதானத்துக்கு வர சில நிமிஷம் ஆகும். அதற்குள் காற்று கலைந்து பெட்டி பச்சையில் உட்கார்ந்துவிடும். பழைய கசிவு நினைவில் இருந்தால் அது இப்படி ஏமாறாது. நினைவுதான் இல்லையே.

"உள்ள கசியுது மாமா. கம்ப்ரஸர நிறுத்து."

"எவன் சொன்னான்?"

"கண்ணு எரியுதுல்ல? மூக்குல ஏறல?"

கோதண்டம் இட்லியைச் சட்னியில் தோய்த்தார். "ஒண்ணும் கெடையாது. இருவது வருசமா இந்தக் கம்பெனி என் மூக்குலதான் ஓடுது. பொட்டி நேத்து வந்துச்சு. ஒரு துளி லீக்கானா மொதல்ல எனக்குத்தான்டா தெரியும்."

அவர் பொய் சொல்லவில்லை. பகலவன் அவர் முகத்தைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, ஓரத்தில் நீர் கோத்திருந்தது, அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். ஆனால் வாசனை அவருக்கு எட்டவே இல்லை. இருபது வருஷத்தில் அம்மோனியா அந்த மூக்கைத் தின்று முடித்திருந்தது. அன்றைக்குப் பந்தியில் உப்பு இல்லை என்று சொன்ன நாக்கு, இப்போது கெட்டுப்போன சட்னியை முகம் சுளிக்காமல் இறக்கிக்கொண்டிருந்தது. அதன் புளிப்பு பகலவன் நின்ற இடத்துக்கே வந்தது.

"மாமா," என்றான் மெதுவாக. "உனக்கு வாசன தெரியல."

கோதண்டத்தின் கை பாதியில் நின்றது. பிறகு குரலை உயர்த்தாமல், "வெளிய போ" என்றார்.

அவன் போகவில்லை. அவர் எழுந்தார். அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

கிரஷர் முனகி நின்றது. கம்ப்ரஸர் மூச்சை விட்டுவிட்டு அடங்கியது. எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றது. பெட்டி இருண்டது. வெளியே டிரைசைக்கிள்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். கோதண்டம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் ஓடினார். ஜெனரேட்டரில் ஹாயிஸ்ட்டும் விளக்கும்தான் ஓடும், கம்ப்ரஸர் ஓடாது. கரண்ட் வந்ததும் முதல் வேலையாக உள்ளே போய் வால்வைத் திருப்பிக் கம்ப்ரஸரைக் கிளப்ப வேண்டும். அவர்தான் போவார். ஃபேன் ஓடாமல் அடைந்து கிடந்த ரூமுக்குள், நின்றுபோன கம்ப்ரஸரின் பக்கத்தில் கசிந்து தேங்கிய காற்றுக்குள், வாசனை தெரியாத மூக்கோடு.

பகலவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பெட்டியின் மூடியைத் திறந்தான். கரண்ட் இல்லாமல் புரோகிராம் ஏற்ற முடியாது என்று மொஹ்சின் கீழேயிருந்து சொன்னான். சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். பையிலிருந்து கேபிளை எடுத்துக் கொடுத்தான்.

காலையில் அவர்களை முட்டாளாக்கிய அதே கேபிள். மாட்டியதும் போர்டின் ஓரத்தில் அந்தக் கடுகு விளக்கு எரிந்தது. மொஹ்சின் லேப்டாப்பை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு நின்றான். புது புரோகிராம் ஏறியது. பெட்டி விழித்தது. இனி சென்ஸார் நிதானத்துக்கு வர வேண்டும். அதுவரை கரண்ட் வரக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகலவன் கரண்ட் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றான். கதவிடுக்கு வழியாக நெடி கூடிக்கொண்டே வந்தது. தொண்டை கீறியது. சட்டைக் காலரை மூக்கில் ஏற்றிக்கொண்டான். 

லேப்டாப் திரையில் கசிவு என்று வந்தது.

அவன் கேபிளைப் பிடுங்கினான். பெட்டி செத்தது. மூடியைப் போட்டு, இறங்கி, ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றான். இப்போது அந்த வேரியபிள் பொத்தான் பேட்டரியின் கையில் இருந்தது. அங்கேதான் இருக்க வேண்டும். மேப் ஃபைல் அப்படித்தான் சொல்லியிருந்தது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. கிரஷர் உறுமியது. கம்ப்ரஸருக்கு மட்டும் கரண்ட் போகவில்லை. பெட்டி சிவப்பாகக் கத்திக்கொண்டு எழுந்தது.

கோதண்டம் ஓடிவந்து, அவனைப் பார்க்காமல், நேராகப் பெட்டியின் மெயினை அணைத்தார். போட்டார். சிவப்பு. அணைத்தார். இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துப் போட்டார். சிவப்பு. மூன்றாவது தடவை அணைத்துவிட்டு, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டே பகலவனை முறைத்தபடி நின்றார். போட்டார். சிவப்பு.

"கஸ்மாலம்," என்றார் பெட்டியைப் பார்த்து. "இன்னிக்குத்தான்டா உனக்கு இந்த வேல காட்டணும்?"

கூட்டம் கூடியது. ஃப்ளோரா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், அப்பா விட்டுப்போன கம்பெனியைத் தனியாக ஓட்டுகிறவள், சுருக்கமாகப் பேசுகிறவள். கையில் சாவி இருந்தது. கோதண்டம் அவளிடம் சொன்னதெல்லாம் பகலவனுக்கும் கேட்டது. கசிவும் இல்லை, ஒன்றும் இல்லை, இவன்தான் கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப்பை மாட்டி வேண்டுமென்றே சிவப்பு வைத்துவிட்டான், தன்மேல் ஏதோ கோபம், சாவியைக் கொடுங்கள், இரண்டு நிமிஷத்தில் கம்ப்ரஸரைக் கிளப்புகிறேன். வெளியே நாற்பது படகுக்காரன் நிற்கிறான் என்றார். அது நாற்பது இல்லை, ஆனாலும் சத்தம் நாற்பதுக்கு இருந்தது.

ஃப்ளோரா பகலவனைப் பார்த்தாள். மறைப்பதில் இனி பிரயோஜனம் இல்லை. தன் பெட்டி மார்ச்சிலிருந்து சரியாக வேலை செய்யவில்லை என்றான். இப்போது மாற்றியிருப்பதாகச் சொன்னான். தப்பு தன்னுடையது என்றான். அருள்நாதன் சொன்னது போலவே அவள் முகம் மாறியது. கழற்றிக் குப்பையில் போடுகிற முகம்.

"என் பொட்டிய நம்பாதீங்க மேடம்," என்றான். "கதவுகிட்ட வந்து ஒரே ஒரு தபா மூச்ச இழுங்க. அப்பால சாவி போடுறதுன்னா போடுங்க."

அவள் ஏசி அறையிலிருந்து நேராக வந்தவள். மூக்கு தெளிவாக இருந்தது. பகலவன் கதவை ஒரு கை அகலம் திறந்தான். அவள் குனிந்தாள். அடுத்த நொடி பின்னால் சாய்ந்து, சேலைத் தலைப்பை முகத்தில் அப்பிக்கொண்டு இருமினாள். இரண்டு லோடுமேன்கள் தள்ளிப் போனார்கள். இருமல் அடங்கியதும், கண்ணைத் துடைக்காமலேயே திரும்பினாள்.

"உனக்கு ஒண்ணும் தெர்லியா கோதண்டம்?"

கோதண்டம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள், அவர் ஒருவர் மட்டும் மூடாமல் நின்றார். அது எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. துண்டை எடுத்து மெதுவாக மூக்கில் வைத்துக்கொண்டார்.

சாவி ஃப்ளோராவின் பைக்குள் போயிற்று.

மெக்கானிக் அமான் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய், நெடி கொஞ்சம் இறங்கிய பிறகு கம்ப்ரஸரின் ஷாஃப்ட்டைச் சுற்றி வாயுவை அடைக்கும் சீல் வளையத்தைக் கழற்றிக் கொண்டுவந்தான். வளையத்தில் நகம் நுழைகிற அளவு விரிசல். இன்னும் ஒரு தடவை கிளப்பியிருந்தால் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும், கிளப்பினவனை மூஞ்சியில் அறைந்திருக்கும் என்றான். கோதண்டம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம்வரை கம்பெனி ஓடாது என்று ஆனது. படகுக்காரர்கள் ஃப்ளோராவைத் திட்டிவிட்டுப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போனார்கள். ஃப்ளோரா கோதண்டத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டாள். வெளியே வந்த அவர், நாளையிலிருந்து கிரஷர் பக்கம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் என்று யாரிடமோ சொன்னார். கம்ப்ரஸர் ரூம் சாவிக்கொத்தைக் கொக்கியில் மாட்டும்போது அது இரண்டு தடவை கீழே விழுந்தது.

பகலவனும் மொஹ்சினும் எதிர் டீக்கடையில் நின்றார்கள். அருள்நாதனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. செய்தி அவருக்குப் போய்விட்டது. இன்னும் ஏழு பெட்டி வெளியே இருந்தது. பகலவன் டீயை வாங்கினான், குடிக்காமல் வைத்தான், மறுபடி எடுத்தான்.

கோதண்டம் ரோட்டைத் தாண்டி வந்தார். கிட்டே வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மூக்கு மேட்டரு," என்றார். "அக்காகிட்ட சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்றான் பகலவன்.

நாலு எட்டு போனவர் நின்றார். திரும்பினார். "எவ்ளோ நேரம் ஆஃப்ல போட்டாலும் நிக்குமா அது?"

"நிக்கும் மாமா."

"கலீஜ் பொட்டி," என்றார் கோதண்டம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகம் பக்கம் நடந்தார்.

மொஹ்சின் வண்டியைக் கிளப்பினான். அடுத்த கம்பெனி இரண்டு தெரு தள்ளி. பகலவன் ஏறவில்லை. இரு என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி மறுபடி உள்ளே போனான். அமான் இன்னும் ரூமுக்குள் இருந்தான், கதவு திறந்து கிடந்தது, ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. பெட்டி சிவப்பாக எரிந்தது. கேபிள் எதுவும் மாட்டியிருக்கவில்லை. அதையும் ஒருமுறை கையால் தடவிப் பார்த்தான். பிறகு மெயினை அணைத்தான்.

வெளியே மொஹ்சின் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். பகலவன் இருட்டாகிப்போன பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தான். ஒரு டீ ஆறிப்போகிற நேரம் கழித்துப் போட்டான்.

சிவப்பு.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான்.